நீர்மேல் நின்ற கோயில்
(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இவ்விழாவில் இலக்கியப் பொருளொன்றை எடுத்துப் பேசுவோம் எனப் பலரும் எண்ணியிருத்தல் கூடும். யாமோ கடல் கடந்த ஸ்காத்லாந்து நாட்டின் மேல்கோடியிலுள்ள ஒரு சிற்றூரில், ஏழைக் குடியானவர் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு கிறிஸ்தவ சபையின் வரலாற்றைக் கூறப் புகுந்தோம். “நமக்கும் அதற்கும் என்ன இயைபு?” என வினவுவார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவோம். கூட்டமாக வாழ்வார் எல்லார்க்கும் உரிய வினா ஒன்றுண்டு. ஒரு சபையை நிலைநிறுத்துவது எது? அஃது இருக்கும் இடமா, அதற்குப் பொருள் வழங்கும் செல்வரா, அன்றி அதன் உறுப்பினர் நாடோறும் இடும் சிறு காசும் அவர்தம் ஒருமைப்பாடுமா? இவ்வினாவிற்கு அவ்வூரார் தம் வாழ்க்கையால் விடை கூறினர். நம் சங்கத்தின் முன்னும் இன்று அத்தகைய வினா ஒன்று நிற்கின்றது. அதனை இறுதியிற் கூறுவோம். முதற்கண் வரலாற்றைக் கேண்மின்.

கிறிஸ்தவருள் ‘பிரெஸ்பிட்டேரியர்’ எனப்படுவார் ஒரு பிரிவினர். கிரேக்க மொழியில் ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்பதற்கு மூப்பர் என்பது பொருள். மூப்பர் கூடி ஆளும் சபையார் என்பதே அப்பெயரின் கருத்து. 1560-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டார் உரோமைச் சபையின் தலைமையை நீக்கியபோது, ஜான் நாக்ஸ் முதலிய சீர்திருத்தக்காரர் இம்முறைக்கு அடிகோலினர். பின்னர் நெடுங்காலம் அரசரோடு போராடி, 1690-ஆம் ஆண்டில் இதுவே அந்நாட்டுச் சபையின் முறை என்பது சட்டத்தால் உறுதியாயிற்று.

இம்முறையின் இயல்பைச் சிறிது விளக்குவோம். இதன்கண் பேராயர் என ஒருவர் மேலே அமர்ந்து ஆள்வதில்லை. ஊர்தோறும் மூப்பர் கூட்டம் ஒன்று உண்டு. போதகர் அதற்குத் தலைவர். மூப்பராவார் குருமார் அல்லர். ஊரிலே ஏர் பிடிப்பாரும், தச்சு வேலை செய்வாரும், கடை வைத்திருப்பாருமே ஆவர். அண்மையிலுள்ள ஊர்ச் சபைகள் பல சேர்ந்து வட்டப் பேரவையாகும். முற்காலத்தில் வட்டங்கள் பல சேர்ந்து மண்டலப் பேரவையாயின. அனைத்திற்கும் மேலாக எடின்பரோ நகரில் ஆண்டுதோறும் பொதுப் பேரவை கூடும். இவை யாவற்றினும் போதகரும் மூப்பரும் ஒருங்கே அமர்ந்து, ஒத்த வாக்குரிமையோடு முடிவு செய்வர்.

ஊர் மூப்பர் கூட்டத்தின் வேலை சிறிதன்று. ஏழைகட்கென வாயிலில் வைத்த பெட்டியில் விழுந்த காசை எண்ணி, இன்ன கைம்பெண்ணிற்கு இவ்வளவு, இன்ன நோயாளிக்கு இவ்வளவு எனப் பகிர்ந்து, அதனை ஏட்டில் எழுதி வைப்பது அவர் கடமையாயிருந்தது. 1845-ஆம் ஆண்டில் வறியோர் சட்டம் வருங்காறும், அந்நாட்டு ஊர்ப்புறங்களில் ஏழைகளைப் புரக்கும் பொறுப்பில் பெரும்பங்கு இம்மூப்பரிடமே இருந்தது. திருவிருந்து நாளில் அதன்கண் கலந்துகொள்ளத் தகுதியுடையார்க்கு ஈயத்தாலான சிறு வில்லை ஒன்றை மூப்பர் முன்னரே கொடுத்தனர். அவ்வில்லையைக் காட்டியே விருந்துப் பலகைக்குச் செல்லல் வேண்டியிருந்தது. செல்வர்க்கும் வறியர்க்கும் வில்லை ஒன்றே.

இத்துணை ஒழுங்குடைய சபைக்கு இடையூறு ஒரு பக்கத்தினின்று வந்தது. ஊர்ச் சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதே அது. 1712-ஆம் ஆண்டில் இலண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, அவ்வுரிமையை அவ்வவ்வூரிலுள்ள நிலக்கிழார்க்கும் அரசர்க்கும் பிறர்க்கும் பழையபடி அளித்தது. சபையார் ‘வருக’ எனக் கையெழுத்திட்டு அழைக்கும் வழக்கம் பெயரளவில் இருந்தது. ஆயினும் நிலக்கிழார் அனுப்பியவரே போதகர் என்பது நடைமுறையாயிற்று. வேண்டாத மருமகனை வீட்டோடு வைத்துக்கொள்வது போல, வேண்டாத போதகரை ஊரார் தாங்க வேண்டியதாயிற்று. இது பொறாத சிலர் 1733-ஆம் ஆண்டிலும் 1761-ஆம் ஆண்டிலும் பிரிந்து சென்று வேறு சபைகள் கண்டனர்.

1834-ஆம் ஆண்டில் பொதுப் பேரவை ஒரு விதி செய்தது. ஊர்ச் சபையிலுள்ள குடும்பத் தலைவருள் பெரும்பாலோர் வேண்டா என்பாராயின், அப்போதகரை வட்டப் பேரவை ஏற்றல் கூடாது என்பது அவ்விதி. அவ்வாண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. ஆக்டரார்டர் என்னும் ஊருக்குக் கின்னூல் பிரபு ஒருவரை நியமித்தார். ஊரிலுள்ள 330 குடும்பத் தலைவருள் 287 பேர் அவர் வேண்டா என்றனர். அழைப்புத் தாளில் கையெழுத்திட்ட ஊரவர் இருவரே. வட்டப் பேரவை அவரை மறுத்தது. அவரும் பிரபுவும் வழக்குத் தொடுத்தனர். 1838-ஆம் ஆண்டில் எடின்பரோ உயர்நீதிமன்றமும், 1839-ஆம் ஆண்டில் இலண்டன் பிரபுக்கள் சபையும், நியமன உரிமை சொத்துரிமையே என்றும், ஊராரின் மறுப்புச் சட்டத்தின் முன் செல்லாது என்றும் தீர்ப்பளித்தன.

மார்னாக் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது இதனினும் உருக்கமானது. அங்கு 300 குடும்பத் தலைவருள் 261 பேர் மறுத்தனர். அழைப்பில் கையெழுத்திட்டவர் விடுதி நடத்துவார் ஒருவரே. ஆயினும் 1841-ஆம் ஆண்டு சனவரி மாதம் 21-ஆம் நாள், வெளியே பனி மூடிக் கிடக்க, அப்போதகரை அமர்த்தும் சடங்கு தொடங்கிற்று. சபையார் தம் மறுப்பை ஒருமுறை படித்துக் கொடுத்தனர். பின்னர்த் தத்தம் வேதப் புத்தகங்களைக் கையிலெடுத்துக்கொண்டு, முதியரும் இளைஞருமாக, ஒரு சொல்லும் கூறாது எழுந்து பனியினூடே வெளியேறினர். பாட்டனார் காலந்தொட்டுத் தாம் அமர்ந்த இருக்கைகளை விட்டு அவர் சென்ற காட்சியை நினைமின். கட்டடம் உள்ளே நின்றது. சபை வெளியே சென்றது.

மார்னாக்கில் ஓரூரார் செய்ததனை ஈராண்டு கழித்து ஒரு நாடே செய்தது. 1843-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் எடின்பரோவில் புனித அந்திரேயர் கோயிலில் பொதுப் பேரவை கூடிற்று. அவைத் தலைவர் டேவிட் வெல்ஷ் என்பவர் ஒரு மறுப்புரையைப் படித்து மேசைமேல் வைத்து, வணங்கி, வாயில் நோக்கி நடந்தார். அவர்பின் தாமஸ் சால்மர்ஸ் முதலிய பெரியோரும், வரிசை வரிசையாகப் பிறரும் எழுந்து சென்றனர். கேனன்மில்ஸ் என்னுமிடத்திலுள்ள டான்ஃபீல்டு மண்டபத்தில் கூடிச் ‘சுதந்தரச் சபை’யை நிறுவினர், சால்மர்ஸ் அதற்குத் தலைவரானார். அந்நாட்டிலிருந்த ஏறத்தாழ 1,200 போதகருள் 474 பேர் தம் பதவியையும், ஊதியத்தையும், குடியிருந்த மனையையும் துறந்து கையெழுத்திட்டனர். கையெழுத்திட்ட அன்றே தம் மக்களுக்கு இரவு தங்கக் கூரை எங்கே என்று அறியாதாரும் அவருள் இருந்தனர்.

இனி நாம் கூறவந்த சிற்றூர்க்கு வருவோம். ஸ்காத்லாந்தின் மேல்கரையில் சுனார்ட் என்னும் நீண்ட கடற்கழி நிலத்தினுள் புகுந்து கிடக்கின்றது. அதன் தலைப்பில் உள்ளது ஸ்ட்ரான்டியன். கேலிக் மொழியில் அப்பெயர்க்குத் ‘தேவதைக் குன்றின் மூக்கு’ என்பது பொருள். அவ்வூர் மலையில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. அங்கெடுத்த கனிப்பொருளொன்றில் அதுகாறும் அறியாத பூதம் ஒன்று உண்டென்பதனை 1790-ஆம் ஆண்டளவில் அறிஞர் கண்டனர். 1808-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி அதனைப் பிரித்தெடுத்தார். ஊர்ப்பெயரால் அதற்கு ‘ஸ்ட்ரான்ஷியம்’ என்று பெயராயிற்று. தீபாவளி இரவில் நம் பிள்ளைகள் கொளுத்தும் மத்தாப்பில் செக்கச் சிவந்த ஒளி தருவது அதன் உப்பேயாம். ஆகவே அவ்வூர்ப்பெயர் நாம் அறியாமலே நம் முற்றத்திற்கு வந்து போவதொன்று.

அவ்வூரார் சிறு காணி உழுவோரும், சுரங்கத் தொழிலாளரும், மீன் பிடிப்போருமாவர். அவர் தாய்மொழி கேலிக். புதிய ஏற்பாடு அம்மொழியில் 1767-ஆம் ஆண்டிலும், வேதம் முழுமையும் 1801-ஆம் ஆண்டிலும் அச்சேறின. தம்மொழியில் தமக்குப் பொருள் விளங்க ஓதும் போதகரையே அவர் நாடினர். அவர் வழிபாட்டில் இசைக்கருவி இல்லை. முன்னின்று பாடுவார் ஒருவர் சங்கீதத்தின் ஓரடியை எடுத்துக் கொடுக்க, சபையார் அனைவரும் அதனை நீட்டி ஏந்திப் பாடுவர். எழுத்தறியாதாரும் செவி வழியே பாடல் முழுவதையும் பெறுவர். வாய்ப்பாடமாகக் கல்வி பெற்ற நம் முன்னோர் மரபை அறிந்தார்க்கு இதன் அருமை விளங்கும்.

ஸ்ட்ரான்டியனில் அரசாங்கப் பணத்தால் கட்டிய கோயில் ஒன்று முன்னரே இருந்தது. 1843-ஆம் ஆண்டில் ஊராருள் மிகப் பெரும்பாலோர் சுதந்தரச் சபையில் சேர்ந்தமையால், அக்கோயில் அவர்க்கு அயலாயிற்று. புதுக்கோயில் கட்ட ஒரு துண்டு நிலம் வேண்டும். மலையும், காடும், கரையும், குடிசைகள் நின்ற மண்ணும் ஆகிய யாவும் சர் ஜேம்ஸ் ரிடல் என்னும் ஒரு நிலக்கிழார்க்கே உரியன. விலைக்கோ குத்தகைக்கோ இடம் தருமாறு அவர் வேண்டினர். அவர் மறுத்தார். வேறிடத்திற் கேட்கலாமெனின், பல காத தூரம் வேறு நிலக்கிழார் இலர்.

இம்மறுப்பு அவ்வூர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. கேனன்பி என்னும் ஊரில் பக்ளூ கோமகன் நிலம் மறுத்தமையால் சபையார் சாலையோரத்தில் நின்று வழிபட்டனர். வான்லாக்ஹெட் என்னும் சுரங்க ஊரார் மலைச்சரிவிற் கூடினர். எய்க் தீவில் போதகர் ஜான் சுவான்சன் என்பார் குடியிருக்க மனையும் கிடையாமையால், ‘பெட்சி’ என்னும் சிறு பாய்க்கப்பலையே தம் வீடாகக் கொண்டு, தீவுதோறும் சென்று ஓதி வந்தார். கல்தச்சராக இருந்து நூலாசிரியராக உயர்ந்த ஹ்யூ மில்லர் 1844-ஆம் ஆண்டில் அக்கப்பலில் உடன் சென்று அதன் வரலாற்றை எழுதியுள்ளார்.

ஸ்ட்ரான்டியன் சபையாரும் வெட்டவெளியிற் கூடினர். அது மழை மிகுந்த நாடு. கடற்காற்று எலும்பைத் துளைப்பது. மாரிக்காலத்தில் கைக்குழந்தைகளோடு பெண்டிரும், கோலூன்றிய கிழவரும் பல கல் தொலைவு நடந்துவந்து நனைந்தவாறே அமர்ந்தனர். பழைய கோயில் திறந்தே இருந்தது. அதன் கூரையும் ஒழுகவில்லை. அங்குச் சென்றால் நனைய வேண்டுவதில்லை. ஆயினும் தாம் தேர்ந்தெடாத ஒருவர்க்குத் தலை வணங்கிப் பெறும் நிழலினும், தாம் தேர்ந்தவரோடு மழையில் நிற்றலே தக்கது என அவர் கொண்டனர்.

அப்பொழுது ஒரு சிறந்த எண்ணம் தோன்றிற்று. நிலமெல்லாம் நிலக்கிழார்க்கு உரியதாயின், நீர் யாருக்கு உரியது? கழியின் அலை எவர் பத்திரத்திலும் அடங்குவதன்று. கோயிலை நீர்மேற் கட்டுவோம் என்றனர்! சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றிய இவ்வெண்ணத்தை அவர் செய்து முடித்தனர். நன்கொடைகளால் 1,400 பவுன் சேர்ந்தது. கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கப்பல் கட்டும் துறையில் இரும்பால் ஒரு மிதவைக் கோயில் உருவாயிற்று. 1846-ஆம் ஆண்டுக் கோடையில் இழுவைக் கப்பல்கள் அதனைக் கடல்வழியே இழுத்துவந்து, ஆர்ட்நாஸ்டாங் என்னுமிடத்தின் அருகே, கரையினின்று ஏறத்தாழ 150 கஜம் தள்ளி, நங்கூரமிட்டு நிறுத்தின.

அதன் அமைப்புக் கப்பல்மேல் வீடு வைத்தாற்போல்வது. உள்ளே போதகர் மேடையும், 700 பேர்க்குக் குறையாமல் அமரும் இருக்கைகளும் இருந்தன. ஞாயிறுதோறும் கழியின் இரு கரையினின்றும் சிறு தோணிகள் மக்களை ஏற்றி வந்து இறக்கின. நூறு பேர் ஏறுந்தோறும் மிதவை ஓரங்குலம் நீரில் அமிழ்ந்ததாம். அதனால் எந்தப் போதகர் வந்த நாளில் எத்துணைப் பேர் கூடினர் என்பதனை, மிதவை எவ்வளவு தாழ்ந்தது என நோக்கியே ஊரார் அறிந்தனர் எனக் கூறுவர். பேச்சாளர்க்கு இதனினும் நேர்மையான துலாக்கோல் யாம் கண்டதில்லை. இவ்வவையும் நீர்மேல் மிதப்பதாயின் எம் உரையின் நிறையை இப்பொழுதே அறிந்துகொள்ளலாம்!

இக்கோயிலின் செய்தி நாடெங்கும் பரவிற்று. நிலக்கிழார் கோபித்தும் ஆவதொன்றில்லை. சபையார் அவர் மண்ணை மிதித்து வழிபடவில்லை. 1847-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை, கோயிலுக்கு இடம் மறுக்கப்பட்ட செய்திகளை ஆராய ஒரு குழுவை அமைத்துச் சாட்சியம் கேட்டது. ஊரறியாத குடியானவர் பட்ட துன்பம் அச்சிட்ட அறிக்கையில் ஏறிற்று. இடம் மறுத்த நிலக்கிழார் பலர் நாளடைவில் இணங்கினர். மிதவைக் கோயில் புயற்காற்றில் ஒருநாள் நங்கூரமறுந்து கரையில் ஒதுங்கிற்று. சபையார் மனந்தளரவில்லை, ஒதுங்கிய இடத்திலேயே அதனுட் கூடி வழிபட்டனர். பின்னர் அவ்வூர்ச் சுதந்தரச் சபைக்கும் நிலத்தின்மேல் கோயில் எழுந்தது. ஊரார்க்குப் போதகரைத் திணிக்கும் நியமன உரிமையைப் பாராளுமன்றமே 1874-ஆம் ஆண்டில் நீக்கியது.

பெரியோர்காள்! 1,400 பவுன் திரட்டுவதினும் அரிய காரியம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் போதகர்க்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும். ஒருமுறை உணர்ச்சியால் கொடுப்பார் பலர். மறுமுறையும் கொடுப்பார் சிலர். ஒவ்வொரு திங்களும் மறவாது கொடுப்பார் அரியர். இவ்விடத்திலேதான் சால்மர்ஸ் பெரியாரின் அறிவு விளங்கிற்று. பிரிவு நிகழ்வதற்கு முன்னரே அவர் ஒரு திட்டம் வகுத்திருந்தார். ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு பென்னி கொடுத்தால் போதும் என்றார். தெருத்தெருவாகத் தண்டுவார் நியமனம் பெற்றனர். அவர் வீடுதோறும் சென்று காசு வாங்கிக் குறித்துக்கொண்டனர்.

அத்திட்டத்தின் சிறப்பு, சிறு காசு வாங்கியதில் மட்டும் இல்லை. அதனைப் பகிர்ந்த முறையில் உள்ளது. ஊர்தோறும் சேர்ந்த பணம் அவ்வவ்வூரிலே தங்கவில்லை. எல்லாம் எடின்பரோவிலுள்ள பொதுநிதிக்குச் சென்றது. அங்கிருந்து எல்லாப் போதகர்க்கும் ஒத்த பங்கு வழங்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 150 பவுன் என்னும் அளவை அவர் நோக்கமாகக் கொண்டனர். கிளாஸ்கோ நகர வணிகர் கொடுத்த பவுனும், மலைநாட்டு மீனவர் கொடுத்த பென்னியும் ஒரே பெட்டியில் விழுந்தன. ஆதலின் ஸ்ட்ரான்டியன் போன்ற ஏழை ஊர், தான் கொடுத்ததற்கு மேலாகவே பெற்றது. எனினும் தானும் கொடுத்தமையால் இரவலாகப் பெறவில்லை. ‘நாமும் கொடுத்தோம்’ என்னும் அவ்வுணர்ச்சி ஒன்றே ஏழையைத் தலை நிமிரச் செய்வது. இம்முறையால் சில ஆண்டுகளுள் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் அந்நாட்டில் எழுந்தன. பள்ளிக்கூடங்களும் உடன் தோன்றின.

வரலாறு கூறுவார் நல்லதை மட்டும் கூறி அமைதல் அறமன்று. அச்சுதந்தரச் சபையார் 1844-ஆம் ஆண்டில் நிதி வேண்டி அமெரிக்காவிற்குச் சிலரை அனுப்பினர். ஆங்குத் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்து வாழ்ந்த சபையாரும் பணம் கொடுத்தனர். அத்தொகை ஏறத்தாழ 3,000 பவுன். அடிமைத்தளையினின்று தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் என்னும் பெரியார் 1846-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நகரங்களில் மேடைதோறும் நின்று, ‘பணத்தைத் திருப்பி அனுப்புக’ என முழங்கினார். சுவர்களிலும் அச்சொற்கள் எழுந்தன. சபைத் தலைவர் பணத்தைத் திருப்பவில்லை. மிதவைக் கோயில் சுனார்ட் கழியில் வந்து நின்றதும் அதே ஆண்டிலேயாம். தமக்கு ஒரு முழம் நிலம் மறுத்த நிலக்கிழாரின் கொடுமையை அறிந்தவர், ஓர் இனத்தார்க்கு அவர்தம் உடலையே மறுத்தவரின் காசைக் கைநீட்டி வாங்கினர். தாம் பட்ட துன்பம் பிறர் துன்பத்தை அறியும் கண்ணைத் தானே திறந்துவிடுவதில்லை. அதனை நாமே முயன்று திறத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு செய்தியும் கூறத்தக்கது. 1900-ஆம் ஆண்டில் சுதந்தரச் சபையாருள் பெரும்பாலோர் வேறொரு பிரெஸ்பிட்டேரிய சபையோடு இணைந்தனர். மலைநாட்டார் சிலர் இணங்காது பழைய பெயரோடு நின்றனர். சொத்து யாருக்கு என வழக்கு எழுந்தது. 1904-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, பழைய கொள்கைக்கென ஒப்படைத்த சொத்து அக்கொள்கை வழுவாது நின்ற சிறுபான்மையார்க்கே உரியது எனத் தீர்த்தது. அத்துணைக் கோயில்களையும் ஆளுதற்கு அவர்க்கு ஆளில்லை. எனவே 1905-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்து, பாகம் பிரித்துக் கொடுக்க நேர்ந்தது. இணைந்த பெரும்பான்மையார் 1929-ஆம் ஆண்டில் பழைய நாட்டுச் சபையோடு மீண்டும் ஒன்றாயினர். பணம் கொடுத்துக் கட்டுதல் ஒருபாதி. எதற்காகக் கட்டினோம், யார் ஆள்வர் என்பதனைப் பத்திரத்தில் ஐயமின்றி எழுதுதல் மறுபாதி.

அச்சபைக்கும் நம் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பையும் நினைவூட்டுவோம். 1837-ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் போதகர் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். 1843-ஆம் ஆண்டில் நிகழ்ந்த பிரிவின்போது இந்தியாவிலிருந்த அந்நாட்டுச் சபையின் தொண்டர் அனைவரும் சுதந்தரச் சபையையே சார்ந்தனர். ஆண்டர்சனும் அவ்வாறே செய்தார். அப்பள்ளியே 1862-ஆம் ஆண்டில் வந்த வில்லியம் மில்லர் பெரியாரின் உழைப்பால் வளர்ந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. தமிழ் உயர்தனிச் செம்மொழி என எடுத்துரைத்த பரிதிமாற் கலைஞராம் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் பயின்றதும், பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியதும் அக்கல்லூரியிலேயாம். வாரம் ஒரு பென்னி ஈந்த சபையார் நிறுவிய நிலையத்தில் நம் மொழிக்கும் ஓர் இருக்கை கிடைத்தது என்பதனைத் தமிழாசிரியராகிய யாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

இனி நம் சங்கத்தின் முன் நிற்கும் வினாவிற்கு வருவோம். ஊர்ப்புறத்தினின்று படிக்க வரும் நம் பிள்ளைகட்கு மாணவர் விடுதி ஒன்று வேண்டும் என்பது யாவர்க்கும் உடன்பாடு. நம் மரபில் தோன்றிய செல்வர் ஒருவர் அதற்கு நிலமும் கட்டடச் செலவும் தர முன்வந்துள்ளார். அவர்தம் வள்ளன்மையை யாம் போற்றுகின்றோம். ஆயின் அவர் மூன்று நிபந்தனைகள் விதிக்கின்றார். விடுதிக் காப்பாளரை அவரே நியமிப்பார். எந்த மாணவரைச் சேர்ப்பது என்பதனை அவரே முடிவு செய்வார். அவர்க்குப்பின் இவ்வுரிமைகள் அவர் வழியினர்க்குச் செல்லும். பொதுக்குழு இதனை அடுத்த திங்களில் ஆராயவுள்ளது.

எம் கருத்தை ஒளியாது கூறுவோம். நிலத்தைத் தலைவணங்கிப் பெறுவோம். நிபந்தனைகளை நீக்கித் தருமாறு பணிந்து வேண்டுவோம். அவர் இணங்காராயின் அக்கொடையை நன்றி கூறி விடுத்து, சிறு வாடகை வீட்டிலேனும் நம் விடுதியை நாமே தொடங்குவோம். காப்பாளரை நியமிக்கும் உரிமை சொத்துரிமையாகி வாரிசுகட்குச் செல்லுமாயின், முப்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் எவர் வாயிலில் நிற்பர் என்பதனை ஆக்டரார்டர் ஊரார் நமக்குச் சொல்லிவிட்டனர். இன்று கொடுப்பவர் நல்லவர் என்பது உண்மை. அவர் மைந்தரும் பெயரரும் நல்லவராதற்கு எப்பத்திரமும் பொறுப்பேற்பதில்லை.

“அற்றேல் பணத்திற்கு எங்கே போவது?” எனின், நம் முன்னோரைக் கேட்போம். வணிகத்தில் விற்ற மூட்டைக்கு இவ்வளவு என மகமை எடுத்துவைத்துக் கிணறும், சாவடியும், பள்ளியும் கண்டவர் அவரல்லரோ? உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டு வைத்துப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்த தாய்மார் நம் பாட்டிமாரல்லரோ? சால்மர்ஸ் பெரியார் வாரம் ஒரு பென்னி என்றது, நம் பிடியரிசி அன்றி வேறன்று. நம்மிடம் இல்லாதது முறையன்று; முறையை விடாது நடத்தும் பொறுமையே.

ஆதலின் பொதுக்குழுவின் ஆராய்ச்சிக்குச் சில கூறுகின்றோம். குடும்பத்திற்கு இவ்வளவு எனச் சிறு தொகை ஒன்றை வரையறுத்து, தெருவிற்கொருவர் தண்டுவாராக. கிளைச் சங்கங்கள் தண்டிய பணம் தலைமை நிதிக்கு வந்து, பெரிய ஊர்ப் பிள்ளைக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கும் ஒத்த உதவியாகச் செல்லுமாக. வரவும் செலவும் இவ்விதழில் திங்கள்தோறும் வெளிவருமாக. கொடுத்த தொகை பெரிதாயினும் சிறிதாயினும் வாக்கு ஒன்றே ஆகுக. விடுதியின் நோக்கமும் ஆளும் முறையும் பத்திரத்தில் ஐயமற எழுதப்படுமாக.

கடைசியாக ஒன்று; சிலர்க்கு இது கசக்கலாம். நம் மரபினர்க்கும் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்த காலம் ஒன்றுண்டு. 1939-ஆம் ஆண்டு சூலை மாதம் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் மறுக்கப்பட்டோர் புகுந்த செய்தியை நம் முதியோர் நெஞ்சு விம்மக் கூறக் கேட்டுள்ளோம். அந்நினைவை உடைய நாம் கட்டும் விடுதியில், பத்தில் ஓரிடமேனும் பிற குலத்து ஏழை மாணவர்க்கு, சிறப்பாக இன்றும் ஊர்க்கோடியில் ஒதுக்கப்பட்டு வாழ்வார்தம் பிள்ளைகட்கு, வைத்தல் வேண்டும். “நம் காசு, நம் பிள்ளைக்கு” என்பார் சினவற்க. ‘என் நிலம், என் விருப்பம்’ என்று ரிடல் கூறியதும் சட்டப்படி சரியே. மறுத்தாரை நாம் குறைகூறுவோமாயின், மறுக்கும் உரிமை நம் கைக்கு வரும்போது அதனை எவ்வாறு ஆள்கின்றோம் என்பதிலேதான் நம் தகுதி தெரியும்.

சுனார்ட் கழியில் இன்று அம்மிதவை இல்லை. அதில் அமர்ந்து பாடியோரும் இலர். ஆயினும் நிலமில்லாதார் கூடினால் நீர்மேலும் கோயில் நிற்கும் என்பதனை அவர் காட்டிச் சென்றனர். நம் விடுதி எவர் நிலத்தில் எழுந்தாலும், அதனைத் தாங்குவது வீடுதோறும் எடுத்துவைக்கும் அப்பிடியரிசியே ஆகுக. அடுத்த திங்கள் பொதுக்குழுவிற்கு உறுப்பினர் அனைவரும் தவறாது வந்து தம் கருத்தை வழங்க வேண்டுமென வேண்டுகின்றோம்.